சீதனக் கிணறு

அம்மாவின் சீதன உறுதி இன்னும் வீட்டில் இருக்கிறது. முத்திரைத்தாள் பழுத்து, மடித்த இடங்களில் கிழிந்து, பிரசித்த நொத்தாரிசின் கையெழுத்து மட்டும் கறுப்பு மாறாமல் நிற்கிறது. வேலணையில் ஒரு காணி, இத்தனை பரப்பு, கிழக்கே ஒழுங்கை, வடக்கே இன்னாரின் வளவு என்று எல்லைகள் வரிசையாக வரும். அதன்பின் யாழ்ப்பாணத்து உறுதிகளில் வழக்கமாகக் காணும் வாசகம்: கிணற்றில் பங்கும், வழிவாய்க்கால் பாத்தியதையும். நாலில் ஒரு பங்கு கிணறு அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்கு வந்தது. அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது.

ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து 1707இல் நடைமுறைக்கு வந்த தேசவழமை இந்த வழியைத்தான் எழுத்தில் வைத்தது. முதுசம் ஆண்வழி, சீதனம் பெண்வழி. ஆகவே தீவுகளில் ஒரு கிணற்றின் வரலாற்றைக் கேட்டால், பெரும்பாலும் தாய், தாயின் தாய் என்றே பெயர்கள் பின்னோக்கிப் போகும்.

அதே வழியில் கைமாறும் இன்னொரு சீதனமும் உண்டு. அதற்கு உறுதி எழுதுவதில்லை.

ஆண் உடலில் விந்தணு பருவமடைந்த நாள்முதல் நாளாந்தம் புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கிறது. பெண்ணின் கணக்கு வேறு. அவளுடைய சூல்முட்டைகள் எல்லாம் அவள் பிறக்கும் முன்பே, தாயின் வயிற்றில் இருக்கும்போதே உண்டாகிவிடுகின்றன. கர்ப்பத்தின் இருபதாவது கிழமையளவில் பெண்சிசுவின் சூலகங்களில் 60 முதல் 70 இலட்சம் வரை இருக்கும். அதுதான் உச்சம். பிறக்கும்போது 10 முதல் 20 இலட்சம், சாமத்தியப்படும்போது 3, 4 இலட்சம். ஆயுள் முழுவதும் முதிர்ந்து வெளிவருபவை ஏறக்குறைய 400. மற்றவை கரைந்துபோகும். நவீன மருத்துவத்தாலும் இந்தக் கையிருப்புக்கு வெளியிலிருந்து ஒன்றைக்கூடச் சேர்க்க முடிவதில்லை.

அம்மா பிறந்தது 1959இல். நான் பின்னாளில் எந்த முட்டையிலிருந்து வந்தேனோ, அது அந்த ஆண்டு அம்மம்மாவின் வயிற்றுக்குள் இருந்திருக்கிறது. அம்மம்மா குடித்த தண்ணீர், மூச்சில் இழுத்த புகை, உண்ட மீன் எல்லாம் மூன்று தலைமுறைகளுக்கு ஒரே நேரத்தில் பரிமாறப்பட்டிருக்கிறது. சூழலில் உள்ள இரசாயனங்களும் பெண்ணின் பிள்ளைப்பேறும் என்று பேச்செடுத்தால், நான் இங்கிருந்துதான் தொடங்குவேன். பிள்ளை தங்காத பெண்ணிடம் நீ என்ன சாப்பிட்டாய், என்ன செய்தாய் என்று கேட்கிறோம். கேள்வி ஒரு தலைமுறை பிந்திப் போய்ச் சேர்கிறது.

1959இல் அம்மம்மாவின் சுவரில் என்ன இருந்தது? அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மலேரியாக்காரர் வருகிறார்கள் என்றால் சட்டிபானைகளை முற்றத்துக்கு எடுத்துவிட வேண்டும். முதுகில் பம்பு, கையில் நீளக்குழாய். மண்சுவர், கிடுகுக்கூரையின் உட்புறம், மாட்டுக்கொட்டில் எல்லாவற்றுக்கும் அடிப்பார்கள். காய்ந்தபின் சுவரில் வெள்ளைத் திட்டு படிந்திருக்கும். அது டி.டி.ரி. இலங்கையில் மலேரியாவை மடக்கிய மருந்து அதுதான். 1930களின் நடுவில் பல்லாயிரம் உயிர்களைக் குடித்த நோய், 1963இல் தீவு முழுவதிலும் 17 பேருக்கே கண்டது. மருந்தடிப்பை நிறுத்தினார்கள், 1960களின் பிற்பாதியில் நோய் இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது. ஆகவே டி.டி.ரி.யை வெறும் நஞ்சு என்று திட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை. அம்மம்மா உயிரோடு பிள்ளை பெற்றதிலும் அதற்குப் பங்கு இருந்திருக்கலாம்.

ஆனால் டி.டி.ரி. கொழுப்பில் கரையும், உடலைவிட்டு இலகுவில் போகாது, தொப்புள்கொடி வழியாகச் சிசுவையும் சென்றடையும். கலிபோர்னியாவின் ஓக்லண்ட் பகுதியில் 1960 முதல் 1963 வரை பிள்ளைப்பேற்றையொட்டித் தாய்மாரிடம் எடுத்த குருதியை உறையவைத்து வைத்திருந்தார்கள். அந்தத் தாய்மாரின் மகள்கள் வளர்ந்து பெரியவர்களான பின், பார்பரா கோன் என்ற ஆய்வாளரும் குழுவினரும் அவர்களிடம் போய், கருத்தரிக்க முயன்றபோது எத்தனை மாதம் பிடித்தது என்று கேட்டார்கள். முடிவு 2003இல் லான்செற் மருத்துவ இதழில் வந்தது. தாயின் குருதியில் டி.டி.ரி. ஒரு லீற்றருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போதெல்லாம், ஒரு மாதத்தில் மகள் கருத்தரிக்கும் வாய்ப்பு 32 சதவீதம் குறைந்திருந்தது. மகளின் குருதியை அல்ல, தாயின் குருதியை அளந்து கண்ட கணக்கு இது.

அதே ஆய்வில் ஒரு முரணும் உண்டு. டி.டி.ரி. உடலில் சிதைந்து டி.டி.ஈ. ஆகும். அது கூடிய தாய்மாரின் மகள்களுக்கு வாய்ப்பு குறையவில்லை, 16 சதவீதம் கூடியிருந்தது. டி.டி.ரி. பெண் ஓமோனான ஈஸ்திரஜனைப் போல நடிப்பது, டி.டி.ஈ. ஆண் ஓமோனின் வேலையைத் தடுப்பது. ஒரே மருந்தின் தாயும் பிள்ளையும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. இந்தத் துறையில் ஒற்றை வரியில் பதில் சொல்பவரை நம்பவேண்டாம், என்னையும் சேர்த்து.

சுவரைவிட்டு இனித் தண்ணீர்க் கானுக்கு வருவோம். அதற்கு முதலில் ஓர் எலிக்கூட்டின் கதை.

1998 ஓகஸ்ட், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரம். பற்றீசியா ஹன்ற் எலிகளின் சூல்முட்டைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். நிறமூர்த்தங்கள் ஒழுங்காக அணிவகுக்காத முட்டைகள் அவருடைய ஆய்வுகூடத்தில் வழக்கமாக நூற்றில் ஒன்றோ இரண்டோதான். திடீரென்று 40 ஆகிவிட்டது, அதுவும் மருந்து எதுவும் கொடுக்காத சாதாரண எலிகளில். தீனி மாறியதா, காற்று மாறியதா என்று கிழமைக்கணக்கில் தேடினார்கள். கடைசியில் அகப்பட்டது ஒரு சவுக்காரம். தற்காலிகமாக வேலைக்கு வந்த ஒருவர், கூடுகளையும் தண்ணீர்ப் போத்தல்களையும் தரை கழுவும் கடும் திரவத்தால் கழுவியிருக்கிறார். கூடுகள் பொலிகாபனேற்று என்ற கெட்டிப் பிளாஸ்ரிக்கால் ஆனவை. திரவம் அதை அரிக்க, பிஸ்பினோல் ஏ என்ற பொருள் கசிந்து எலிகளின் உடலுக்குள் போயிருந்தது. ஹன்ற் அவசரப்படவில்லை. வேண்டுமென்றே கூடுகளைப் பழுதாக்கி, அளந்து அளந்து கொடுத்து, அதே குழப்பம் திரும்ப வருகிறதா என்று பார்த்து, 2003இல்தான் வெளியிட்டார்.

முட்டை ஏன் இவ்வளவு எளிதில் குழம்புகிறது? தாயின் வயிற்றுக்குள் அது தன் நிறமூர்த்தங்களைப் பாதியாகப் பிரிக்கத் தொடங்கும். இணைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்ட நிலையில் வேலை அப்படியே நின்றுவிடும். காற்றுப் பெயரும்வரை துறையில் கட்டிக்கிடக்கும் பாய்க்கப்பல் மாதிரி, பதின்மூன்று வருடமோ நாற்பது வருடமோ காத்திருக்கும். முதிர்ந்து வெளிவரும் மாதத்தில்தான் பிரிப்பு தொடரும். கட்டிய நேரத்தில் கயிறு பழுதாகியிருந்தால், அது தெரியவருவது பாய் விரிக்கும் நாளில். 2007இல் ஹன்றின் குழு இதையும் காட்டியது. கருவுற்ற எலிக்கு பிஸ்பினோல் ஏ கொடுத்தார்கள். வயிற்றிலிருந்த பெண்குட்டிகளின் முட்டைகளில் அந்த இணைப்பே பிழைத்தது. அக்குட்டிகள் வளர்ந்தபோது, அவற்றின் முட்டைகளிலும் கருக்களிலும் நிறமூர்த்தக் கணக்குத் தவறியது. பாட்டி குடித்தது பேரப்பிள்ளையில் வந்து நின்றது.

குறிகட்டுவானில் வள்ளம் ஏறி ஒரு மணிநேரம் போனால் நெடுந்தீவு. ஆறு கிடையாது. ஒரு சாண் மண்ணுக்குக் கீழே கல். மதில்கூட முருகைக்கல்லால் ஆனது. நல்ல தண்ணீருக்கு அக்காலத்தில் சாராப்பிட்டிக் கிணறுகளை நம்பியிருந்தார்கள். இப்போது உப்பகற்றிய தண்ணீரையும் கானில் பிடிக்கிறார்கள். ஒருநாள் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் ஓர் ஆச்சிக்குப் பின்னால் நின்றேன். அவருடைய கான் மஞ்சள் படிந்திருந்தது.

“ஆச்சி, உந்தக் கான் எங்காலை?”

“தம்பியவை போட்டுக்கு டீசல் கொண்டுவந்த கான் பிள்ளை. சவுக்காரம் போட்டு மூண்டுதரம் கழுவினது. மணந்து பார், ஒண்டும் இல்லை.”

மணந்து பார்த்தேன். உண்மைதான், ஒன்றும் இல்லை.

அந்தக் கான் பொலிகாபனேற்று அல்ல. அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று இருக்கும். அது பொலிஎதிலீன், பிஸ்பினோல் ஏ இல்லாதது. கண்ணாடிபோலத் தெரியும் கெட்டியான பழைய தண்ணீர்ப் போத்தலில் 7 என்று இருந்தால்தான் ஹன்றின் எலிகளை நினைக்கவேண்டும். ஆனால் பொலிஎதிலீனுக்கு வேறொரு குணம்: டீசலை அது குடிக்கும். பிளாஸ்ரிக்கின் உடலுக்குள் ஊறிய எண்ணெய் சவுக்காரத்துக்கு அகப்படாது; பிறகு ஊற்றும் தண்ணீருக்குள் மெல்ல மெல்லத் திரும்பி வரும். டீசலிலும் அதன் புகையிலும் பல்வளைய ஐதரோகாபன்கள் என்ற ஒரு கூட்டம் இருக்கிறது. எலிகளில் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த சில, சூலகத்தில் உறங்கும் முட்டைகளையே தேடிப்போய் அழிப்பவை. சிகரெட், சுருட்டுப் புகையிலும் இவையே உள்ளன. புகைக்கும் பெண்களுக்கு மாதவிடாய் ஓரிரு வருடம் முந்தி நின்றுவிடுவதற்கு இது ஒரு காரணம் என்று கருதுகிறார்கள்.

தீவுகளில் டீசல் வள்ளத்தோடு முடிவதில்லை. நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் பிரதான மின்வலையமைப்பில் இணையாதவை. டீசல் மின்பிறப்பாக்கிகளில் வெளிச்சம் கண்டவை. காற்றும் வெயிலும் கலந்த மின்திட்டத்துக்கு இந்தியாவின் 1 கோடி 10 இலட்சம் டொலர் நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் ஆனது. அதைச் செலவுக் கணக்காக மட்டும் பார்த்தவர்கள்தான் அதிகம். எனக்குச் சுன்னாகம் நினைவுக்கு வந்தது.

சுன்னாகம் தீவு அல்ல, குடாநாட்டின் நடுப்பகுதி. ஆனால் அடியிலுள்ள கல் அதே சுண்ணக்கல். மின்நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதக்கிறது என்று சனங்கள் முறையிட்டார்கள். 2014, 2015இல் அது பெரும் போராட்டமானது. வாளித் தண்ணீரின் மேல் வானவில் நெளிந்த படங்கள் பத்திரிகைகளில் வந்தன. கலாநிதி ரவீந்திர காரியவசம் தொடுத்த வழக்கில், 2019 ஏப்ரல் 4 அன்று உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்ட கிணற்றுச் சொந்தக்காரருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கும்படி, அங்கே மின் உற்பத்தி செய்த நோதேர்ன் பவர் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கோட்பாடு ஒரு யாழ்ப்பாணக் கிணற்றின் பேரில் எழுதப்பட்டது. சுண்ணக்கல்லில் வெடிப்பும் குகையுமாக வழிகள் ஓடுகின்றன. மணலில் வடிவதுபோல அங்கே எதுவும் வடிந்து சுத்தமாவதில்லை. மேலே ஊற்றியது கீழே அப்படியே போகும்.

தீவின் நன்னீர் எப்படி நிற்கிறது என்று ஒருமுறை மனதில் வரைந்து பார்க்க வேண்டும். மழைநீர் கல்லுக்குள் இறங்கி, கடல்நீரின் மேல் வில்லைபோல மிதக்கிறது. கடல்நீர் நாற்பதில் ஒரு பங்குதான் கூடுதல் அடர்த்தி. அதனால் கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே 40 அடி நன்னீர் இருக்கும். கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும்: மேலே ஓர் அடி வற்றினால், நாளடைவில் கீழே 40 அடி உப்பு ஏறும். துலாமிதித்துப் பட்டையால் அள்ளிய காலத்தில் வில்லை அசையவில்லை. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அசைந்தது. ‘நல்லதண்ணிக் கிணறு’ என்று பெயர் மட்டும் இருக்க, தண்ணீர் சவராகிப்போன கிணறுகளை ஊர்காவற்றுறையிலும் புங்குடுதீவிலும் பார்க்கலாம்.

உப்பு நாக்குக்குத் தெரியும். அது ஒருவகையில் நல்லது, வாய் எச்சரிக்கும். அப்படியிருந்தும் வேறு வழியில்லாமல் குடிப்பவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதை வங்காளதேசம் காட்டியது. குல்னா மாவட்டத்தின் டாகோப் பகுதியில் கர்ப்பிணிகளை ஆராய்ந்தவர்கள் 2011இல் எழுதினார்கள்: வறண்ட மாதங்களில் குடிநீரிலிருந்து மட்டும் நாளுக்கு 5 முதல் 16 கிராம் வரை சோடியம் உடலுக்குள் போகிறது. உலக சுகாதார நிறுவனம் உணவு, நீர் எல்லாவற்றிலும் சேர்த்து 2 கிராமுக்குக் கீழே இருக்கச் சொல்கிறது. அந்த மாதங்களில் கர்ப்பகால உயர் குருதியழுத்தம் கூடியிருந்தது.

நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, உவர்ப்பும் இல்லை. புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் போட்ட யூரியாவிலிருந்து வரும், மாட்டெருவிலிருந்து வரும், மலகூடக் குழியிலிருந்தும் வரும். குடாநாட்டுக் கிணறுகளில் அது எல்லை கடந்திருக்கிறது என்று 1980களின் தொடக்கத்திலேயே ஆய்வாளர் எழுதிவிட்டார்கள். எல்லை ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அந்த எல்லை கைக்குழந்தையை நினைத்து வகுத்தது: நைத்திரேற்று கூடிய தண்ணீரில் மாக்கரைத்துக் கொடுத்தால் குழந்தையின் குருதி ஒட்சிசனைத் தாங்காமல் உடல் நீலமாகும்.

பெண்ணின் உடலில் அது வேறு கதவால் நுழைகிறது. கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பி குருதியிலிருந்து அயடீனை இழுத்துக்கொள்ள ஒரு வாசல் வைத்திருக்கிறது. நைத்திரேற்று உருவத்தில் அயடைட்டுக்கு ஒத்தது. வாசலில் நெருக்கி நின்றுகொள்ளும். அயடீன் தாராளமாக உண்பவருக்கு இது பெரிய சங்கதி அல்ல. குறைவாக உண்பவருக்குச் சுரப்பி தளரும். தளர்ந்தால் மாதவிடாய் ஒழுங்கு குலையும், முட்டை வெளிவராத மாதங்கள் கூடும், தரித்த கருவும் தங்காமல் போகலாம். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் லகிராஞ்ச் என்ற கிராமப்புறத்தில், அயலயல் வீடுகளில் இருந்த சில பெண்களுக்கு அடுத்தடுத்துக் கரு கலைந்தது. எல்லாருடைய கிணற்றிலும் நைத்திரேற்று. தண்ணீரை மாற்றினார்கள், பிள்ளைகள் நிறைமாதத்தில் பிறந்தன. 1996இல் வந்த அரச அறிக்கை ‘சாத்தியம்’ என்ற சொல்லைத் தாண்டவில்லை. நானும் தாண்டவில்லை. ஆனால் நாலு பங்குக்காரர் ஒரே கிணற்றில் அள்ளும் ஊரில் பிறந்தவளுக்கு, அந்த அயலயல் வீடுகள் தூரதேசமாகத் தெரியவில்லை.

மீனைச் சொல்லாமல் தீவைச் சொல்ல முடியாது. பிள்ளைப்பெற்ற வீட்டில் பால்சுறா வறை வைக்காத தீவார் உண்டா? அவித்து, முள்நீக்கி, தேங்காய்ப்பூவும் உள்ளியும் பச்சைமிளகாயும் போட்டுப் பிரட்டினால் மணம் ஒழுங்கைவரை வரும். பால் சுரக்கும் என்பது நம்பிக்கை. சுறா கடலின் மேல்வகுப்பு; சிறியதைத் தின்ற பெரியதைத் தின்பது. ஒவ்வொரு படியிலும் மெதைல் பாதரசம் திரளும். யப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளிப்பட்ட பாதரசப் பேரழிவில், பெரிய நோயில்லாத தாய்மாருக்கும் ஊனமுற்ற குழந்தைகள் பிறந்தன. சூல்வித்தகம் பாதரசத்தைத் தடுக்காது, அள்ளிக் கொடுக்கும். தொப்புள்கொடிக் குருதியில் அதன் அளவு தாயின் குருதியைவிட ஏறக்குறைய 1.7 மடங்கு. மாசு உச்சத்திலிருந்த அந்த ஆண்டுகளில் மினமாட்டாவில் ஆண்குழந்தைகளின் பிறப்பு விகிதமும் சரிந்தது, ஆண்கருக்கள் தாங்கவில்லை. 2002இல் ஹொங்கொங்கில், பிள்ளையில்லாத தம்பதியரையும் பிள்ளையுள்ள தம்பதியரையும் ஒப்பிட்டபோது, முதற்கூட்டத்தின் குருதியில் பாதரசம் கூடியிருந்தது. மீன் கூடுதலாக உண்டவர்களுக்கு இன்னும் கூட.

அதற்காக மீனை விடச் சொன்னால் அம்மம்மா ஆவியாக வந்து அடிப்பார். அயடீனும் அதில்தான் இருக்கிறது. பால்சுறா என்பது சுறாக்களில் சிறிய இனம். பெருஞ்சுறா, கொப்பரன், தளப்பத்து ஆகியவற்றோடு அதை ஒரே தட்டில் வைக்கக்கூடாது. சூடையும் நெத்தலியும் ஒட்டியும் ஓராவும் சின்ன ஆயுள்காரர், திரட்ட நேரமில்லாதவர். பிள்ளைக்குக் காத்திருப்பவள் பெரிய மீனைக் குறைத்துச் சின்னதைக் கூட்டினால் போதும். காசும் மிச்சம்.

நயினாதீவுக்குப் போகும் வள்ளத்தில், கல்யாணமாகி நாலைந்து வருடமான தம்பதியரை அடையாளம் காணலாம். மாமி பக்கத்தில் இருப்பார். நாகவழிபாடும் பிள்ளைவரமும் நம்மவரிடம் பிரியாதவை. நாகபூசணி அம்மனிடம் அந்த வேண்டுதலோடு போவோர் குறைவில்லை. கற்பூரம் பெண்ணின் கையில்தான் இருக்கும், ‘மலடி’ என்ற சொல் பெண்பாலில் மட்டும் இருப்பதுபோல. உலகில் ஆறுபேரில் ஒருவர் வாழ்நாளில் பிள்ளையின்மையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் கணக்கிட்டது. ஏறக்குறைய அரைவாசித் தம்பதியரில் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. பெண்ணின் பக்கமுள்ள காரணங்களில் கிருமித்தொற்றால் அடைபட்ட குழாய்களும் சூலக நீர்க்கட்டிகளும் வயதும் முன்வரிசை. இந்த அத்தியாயத்தில் நான் பேசும் இரசாயனங்கள் அவற்றுக்குப் பின்னால் நிற்பவை. தனியாக ஒருவரைப் பிள்ளையற்றவர் ஆக்குவதைவிட, வாய்ப்பை மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பவை.

போன வருடம் ஊருக்குப் போனபோது உறுதியையும் கொண்டுபோனேன். அம்மம்மாவின் வளவு 8 பரப்பு. இரண்டு பெண்களுக்குச் சீதனம் கொடுத்ததில் அம்மாவுக்கு 4, சின்னம்மாவுக்கு 4. சின்னம்மாவின் 4 அவருடைய இரண்டு மகள்களுக்கு இரண்டிரண்டாகப் பிரிந்தது. 16 பரப்பு ஓர் ஏக்கர். ஆகவே 2 பரப்பு என்பது 22 மீற்றர் சதுரம், மூலையிலிருந்து மூலைக்கு 32 மீற்றர். பேரிடர் முகாம்களுக்கு வகுத்த ஸ்பியர் கையேடே மலகூடக் குழிக்கும் நிலத்தடி நீர்மூலத்துக்கும் இடையில் 30 மீற்றர் கேட்கிறது. அம்மம்மாவின் காலத்தில் அந்த இடைவெளி தானாகவே இருந்தது. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் வேலி ஒன்று வந்தது, வேலிக்குள் வீடு வந்தது, வீட்டோடு குழி வந்தது. கிணறு இருந்த இடத்திலேயே இருக்க, குழிகள் அதை நோக்கி நடந்து வந்திருக்கின்றன. பெண்ணுக்கு நன்மை என்று நினைத்துக் கொடுத்த சீதனமே தூரத்தைத் தின்றிருக்கிறது. எந்தத் தாயும் தெரிந்து செய்ததல்ல.

சின்னம்மாவின் இளைய மகளும் நானும் அளவுநாடா பிடித்தோம். கிணற்றுக் கட்டில் ஒரு முனை, அவளுடைய புதுக்குளியலறைக்குப் பின்னாலுள்ள குழிமூடியில் மறுமுனை. 14 மீற்றர். மற்றப் பக்கத்தில் மூத்தவளின் குழி 17. பங்குக்காரரில் ஒருவர் ரொறொன்ரோவில், ஒருவர் லண்டனில். கிணறு கலக்கி இறைத்துப் பல வருடம். பரிசோதனைக்கு அனுப்ப ஒரு போத்தலில் தண்ணீர் அள்ளினேன். வெயிலில் பிடித்துப் பார்த்தால் அவ்வளவு தெளிவு.

நாடாவைச் சுருட்டிக்கொண்டு அவள் இடுப்பைப் பிடித்தபடி கிணற்றுக்கட்டில் இருந்தாள். அவளுக்கு இருபதாவது கிழமை.

“அக்கா, பவுசர் வியாழக்கிழமைதான் வரும்,” என்றாள். “இப்ப தேத்தண்ணிக்கு எந்தத் தண்ணியை வைக்கிறது?”